ரோட்டரி எஞ்சினைப் பிரித்தால் எதை வைத்துக்கொள்ளலாம்?

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி எஞ்சினை, அதாவது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர்கள் சுழலும் எஞ்சினைப் பிரித்ததும், எதைத் திரும்பப் போடலாம் என்ற கேள்விதான் முதலில் வரும். ரப்பர் ஓ-ரிங், கூலன்ட் சீல், சீல்களின் ஸ்பிரிங் எல்லாம் புதிதாகவே போடுங்கள். அதில் யோசிக்கவே வேண்டாம்.

ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல்தான், திரும்பப் போடலாமே என்று ஆசை காட்டும். 1986 முதல் 1991 வரை வந்த மாடலில் புது சீலின் உயரம் 8 மி.மீ, தேய்ந்து 6.5 மி.மீ ஆவதுதான் எல்லை. ஆனால் எல்லைக்குள் இருக்கிறதே என்று 7 மி.மீ சீலைத் திரும்பப் போட்டால், சீக்கிரமே மறுபடி எஞ்சினை இறக்க வேண்டிவரும். மொத்தம் ஆறு சீல்தான், தயவுசெய்து புதிதாக வாங்குங்கள்.

ரோட்டர் சுழலும் கூடான ரோட்டர் ஹவுசிங்கில் அளவைவிடக் கண்ணை நம்புங்கள். ஸ்பார்க் பிளக் துளையைச் சுற்றியும் எக்ஸாஸ்ட் போர்ட் ஓரத்திலும் குரோம் பூச்சு உரிந்திருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அப்புறம் நகத்தால் மெதுவாக வருடுங்கள். நகம் மாட்டும் அளவுக்கு உரிந்திருந்தால் அந்த ஹவுசிங் வேண்டாம். புது சீலையும் அது அரித்துவிடும். வெறும் நிறமாற்றம் என்றால் பயமில்லை.

ஹவுசிங்கை இருபுறமும் மூடும் பக்கத் தட்டுகளில் சீல் ஓடிய தடம் 0.10 மி.மீ ஆழத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், லேப்பிங் செய்து, அதாவது பரப்பைத் தேய்த்துச் சமமாக்கி, காப்பாற்ற முடியும்.