கோடியக்கரையில் பூச்சி எண்ணப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்

பூவுக்கு வரும் பூச்சிகளை எண்ணும் முறை இதுதான்: அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம், ஒரே வகைப் பூ, 10 நிமிடம். அதற்குள் பூவில் வந்து உட்காரும் பூச்சிகளைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். சுலபம் என்பதாலேயே பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதல் தவறு, பூச்சி மொய்க்கிற இடமாகப் பார்த்துச் சட்டத்தை வைப்பது. சரணாலயத்துக்குள் சீமைக்கருவேலம் பூத்திருந்தால் தேனீ இரைச்சல் தூரத்திலேயே கேட்கும். எண்ணப் போன பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். பாலை, உகாய் போன்ற மண்ணின் மரங்களுக்கு யார் வருகிறார்கள் என்பது ஏட்டில் ஏறவே ஏறாது. எந்தச் செடி என்பதைப் போவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது இதைவிட மோசம். 10 நிமிடமும் ஒன்றும் வரவில்லை என்றால் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு நகர்வது. அந்தப் பூஜ்யத்தை எழுதாவிட்டால் பூச்சி குறைந்ததா, ஆள் போகவில்லையா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. சட்டத்துக்குள் விரிந்த பூ எத்தனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 20 பூவுக்கு 5 தேனீ வந்ததும் 200 பூவுக்கு 5 வந்ததும் ஒன்றல்ல. ஒரே தேனீ 4 பூவில் உட்கார்ந்தால் கணக்கு ஒன்றுதான்.

மஞ்சள், கருப்புப் பட்டை போட்டதெல்லாம் தேனீ அல்ல. பூ ஈக்களும் அதே வேடம் போடும். தலையைப் பாருங்கள்: ஈக்குக் கண்தான் பாதி முகம், உணர்கொம்பு குட்டையாக இருக்கும். தேனீயின் உணர்கொம்பு நீண்டு, முழங்கைபோல் மடிந்திருக்கும். இறகு ஈக்கு ஒரு ஜோடி, தேனீக்கு இரண்டு. ஆனால் தேனீயின் இரண்டும் ஒட்டியிருப்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. அடுக்குத் தேனீயா கொம்புத் தேனீயா என்று தெரியாவிட்டால் வெறும் 'தேனீ' என்றே எழுதுங்கள். தப்பான பெயருக்கு இது எவ்வளவோ மேல்.

உங்கள் நிழல் பூவில் விழக்கூடாது. கடற்காற்று வலுத்தால் சின்னப் பூச்சிகள் உட்காராது; அதனால் நேரம், காற்று, வெயில் மூன்றையும் குறியுங்கள். மழையில் எண்ணுவது வீண்வேலை.

பூச்சி பிடிக்கும் வலையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யவே அனுமதி வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் எண்ணுவதாக இருந்தால், சேற்றில் ஈட்டிபோல் நிற்கும் மூச்சுவேரை மிதிக்காமல் நிற்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் படகிலிருந்தே எட்டுகிற பூங்கொத்துகளை மட்டும் எண்ணி, 'படகிலிருந்து' என்று தாளில் எழுதுங்கள்.