நாலா, அஞ்சா, ஆறா? டீம் சைஸ் சண்டையை உட்கார்ந்து முடிக்கிற வழி

ஷூட்டர் கேம் ஆடுற பசங்களுக்குள்ள ரெண்டு சண்டை ஓயவே ஓயாது. ஒண்ணு, என் லூட்டை (கேம்ல கிடைக்கிற சாமானை) எவன் எடுத்தான்ங்கறது. இன்னொண்ணு, டீமுக்கு எத்தனை பேர்ங்கறது. முதல் சண்டைக்கு என்கிட்ட வைத்தியம் கிடையாது. ரெண்டாவதுக்கு உண்டு.

கொழிஞ்சாம்பாறையில ஒரு சின்ன கேமிங் சென்டர் நடத்தறேன். முன்னாடி பிரவுசிங் சென்டரா இருந்தது, இப்ப எட்டு சிஸ்டம், ஒரு யூ.பி.எஸ்., மூலையில ஒரு கேரம் போர்டு. ஊரு கேரளாவுல இருந்தாலும் கடைக்குள்ள முக்கால்வாசி பேச்சு தமிழ்தான். வேலந்தாவளம், கோபாலபுரம், நாட்டுக்கல் பக்கத்துப் பசங்க வருவாங்க. லீவு நாள்ல பொள்ளாச்சியில இருந்தும் பைக்ல வந்து இறங்குவாங்க. டோர்னமென்ட்னு ஒரு பேப்பர் ஒட்டினாப் போதும். "ஏனுங்ணா, இந்தத் தடவை அஞ்சுக்கு அஞ்சா வைங்ணா"ன்னு ஒரு கட்சி, "நாலு மதி சேட்டா" (நாலு போதும்ணா)ன்னு ஒரு கட்சி.

முதல்ல, சண்டை போட இடம் இருக்கான்னு பாருங்க. பாதி வாதம் தேவையே இல்லாதது. பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) ஸ்குவாட்னா நாலு பேர், நீங்களும் நானும் அதை மாத்த முடியாது. பெரிய போட்டிகள்லயும் 16 டீம், டீமுக்கு நாலு, ஒரு லாபியில, அதாவது ஒரே ஆட்டத்துல, 64 பேர். ஃப்ரீ ஃபயர் க்ளாஷ் ஸ்குவாடும் நாலுக்கு நாலு. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2019ல வர்றப்பவே மூணு பேர் டீமா வந்துச்சு. கவுன்டர் ஸ்ட்ரைக், ரெயின்போ சிக்ஸ் சீஜ், வாலரன்ட் போட்டி ஆட்டமெல்லாம் அஞ்சு. அப்ப எங்கதான் கேள்வி வருது? நீங்களே கஸ்டம் ரூம் (விதியை நீங்களே வைக்கிற தனி ஆட்டம்) போடுறப்ப வருது. கேம் பண்றவங்களே ஆள் எண்ணிக்கையை மாத்திட்டு, எது சரின்னு ஊரே ரெண்டா நிக்கறப்ப வருது.

ஆளை எண்ணாதீங்க, வேலையை எண்ணுங்க

பேச்சு சூடாகறப்ப நான் கேரம் போர்டைத் தூக்கி டேபிள் மேல வெச்சு, காயைக் கொட்டிருவேன். கறுப்புக் காய் காவல், வெள்ளைக் காய் தாக்குதல். ஒரு மூலைப் பாக்கெட் ஏ சைட், எதிர் மூலை பி சைட் (தாக்கற டீம் பாம் வைக்கப் பாக்கற ரெண்டு இடம்), நடு வட்டம் மிட், அதாவது மேப்போட நடு. பாம் வைக்கிற கேம் பெரும்பாலும் இந்தப் படத்துக்குள்ள அடங்கும்.

கறுப்புல அஞ்சு எடுங்க. ஏயில ரெண்டு, பியில ரெண்டு, மிட்ல ஒண்ணு. அஞ்சு வெள்ளையையும் ஏ பக்கம் தள்ளுங்க. முதல் வெள்ளை உள்ள நுழையுது, அடி வாங்கி விழுது. பின்னாலேயே வந்த ரெண்டாவது வெள்ளை, சுட்டவனைச் சுட்டுருது. ட்ரேடுங்கறது இதைத்தான். இப்ப நாலுக்கு நாலு. ஆனா ஏயில மிச்சம் ஒரே ஒரு கறுப்பு. அவன் சாகாம பின்வாங்கணும். மிட்ல இருக்கறவன் வந்து சேரணும். பியில நிக்கற ரெண்டு பேர்ல ஒருத்தன் கிளம்பறதா, இல்ல இது ஏமாத்து ரஷ்ஷான்னு யோசிக்கணும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2ல ஒரு ஸ்மோக் (மறைக்கிற புகை குண்டு) நிக்கறது சுமார் 20 செகண்ட், பாம் வெடிக்க 40 செகண்ட். அதுக்குள்ள இத்தனை முடிவு. ஆட்டத்தோட ருசி முழுக்க இந்த இடத்துலதான் இருக்கு.

இப்ப ஒரு கறுப்பை எடுத்துருங்க. ரெண்டு ரெண்டா நின்னா மிட் தொறந்து கிடக்குது. மிட்ல ஒருத்தனை வெச்சா ஏதோ ஒரு சைட்ல ஒத்தை ஆள். அவன் விழுந்தா ட்ரேட் பண்ண பக்கத்துல யாருமில்ல. காவல் பக்கம் ஆடுறவன் பாவம்.

ஆறு வைங்க. ரெண்டு, ரெண்டு, ரெண்டு. "அங்கயும் ஆறு பேர் வருவாங்கல்லண்ணா, சமம்தான"ன்னு ஒருத்தன் கண்டிப்பா கேப்பான். நல்ல கேள்வி. ஆனா வாசல் அதே ஒரு வாசல்தான். ஆறாவது வெள்ளை கூட்டாளி முதுகுக்குப் பின்னால வரிசையில நிக்குது, ஆறாவது கறுப்புக்குப் புதுசா ஒரு மூலை கிடைக்குது. மேப்பைப் பெருசாக்காம ஆளை மட்டும் கூட்டினா லாபம் காவல்காரனுக்குத்தான். அதனாலதான் ரெண்டு சைட் இருக்கற மேப்புக்கு அஞ்சுன்னு நான் அடிச்சுச் சொல்றேன்.

வாலரன்ட்ல இதே கணக்கு இன்னொரு ரூபத்துல இருக்கு. டூயலிஸ்ட் (முதல்ல பாயறவன்), கன்ட்ரோலர் (புகை போட்டு வழியை மறைக்கறவன்), இனிஷியேட்டர் (எதிரி எங்கன்னு கண்டுபிடிச்சு வழி தொறக்கறவன்), சென்டினல் (காவல் காக்கறவன்)னு நாலு வகை. நாலு வேலைக்கு நாலு ஆள் போக ஒரு இடம் மிச்சம். அந்த அஞ்சாவது இடத்துல இன்னொரு டூயலிஸ்ட்டைப் போடுற டீமும் இருக்கு, ரெண்டாவது ஸ்மோக் ஆளைப் போடுற டீமும் இருக்கு. நாலு பேரோட நிறுத்தியிருந்தா எல்லா டீமும் ஒரே அச்சா இருந்திருக்கும்.

மேப் சின்னதுன்னா கணக்கு மாறும். கவுன்டர் ஸ்ட்ரைக்ல விங்மேன்ங்கற ஆட்ட வகையில ஒரே சைட்தான், அதனால ரெண்டுக்கு ரெண்டே போதுது. பி.ஜி.எம்.ஐ. வேர்ஹவுஸ் மேப்ல டி.டி.எம். (ரெண்டு டீமும் கில் எண்ணிக்கைக்கு மோதற ஆட்டம்) நாலுக்கு நாலு, 40 கில் எடுத்தவன் ஜெயிச்சான். அந்தக் குடோனுக்குள்ள ஆறு பேரை விட்டா எந்திரிச்சவன் எந்திரிச்ச இடத்துலயே சாவான்.

ஒருத்தன் செத்தா என்ன போகுது

மூணு பேர்ல ஒருத்தன் போனா டீமோட பலத்துல 33 சதவீதம் காலி. நாலுல 25, அஞ்சுல 20, ஆறுல சுமார் 17. சின்ன டீமா ஆடுற பல கேம்ல செத்தவனைத் திருப்பிக் கொண்டாற வழி ஏன் இருக்குன்னு இப்பப் புரியும். ஏபெக்ஸ்ல செத்த கூட்டாளியோட பேனரை (அவனோட அடையாள அட்டை மாதிரி) எடுத்துட்டுப் போய் அவனை மறுபடி இறக்கலாம். பி.ஜி.எம்.ஐ.ல நாக் ஆனவனை (அடி வாங்கிச் சாய்ஞ்சவனை) கூட்டாளி ரிவைவ் பண்ணி எழுப்பலாம். வாலரன்ட்ல, கவுன்டர் ஸ்ட்ரைக்ல ரவுண்டு முடியற வரைக்கும் செத்தவன் செத்தவன்தான் (வாலரன்ட்ல சேஜ்ங்கற கேரக்டரோட ஸ்பெஷல் பவர் மாதிரி விதிவிலக்கு கணக்குல வராது). அப்படிப்பட்ட கேமை மூணுக்கு மூணு ஆடுங்க, முதல் புல்லட்லயே பாதி ரவுண்டு முடிஞ்சு போகும். அதனால கேள்வியை இப்படிக் கேளுங்க: இந்த கேம்ல செத்தவன் திரும்பி வருவானா? வருவான்னா மூணு நாலு தாங்கும். வரமாட்டான்னா, ரெண்டு சைட் மேப்ல அஞ்சுக்குக் கீழ இறங்காதீங்க.

எத்தனை வாய்

நாலு பேர் இருந்தா ஒருத்தனுக்கொருத்தன் பேசிக்கற ஜோடி 6. அஞ்சுல 10. ஆறுல 15. ஒரு ஆள் கூடினா ஒரு குரல்தான கூடுதுன்னு தோணும், ஆனா குழப்பம் அதைவிட வேகமா ஏறுது. என் கடையில ஹெட்செட் போடாத பசங்க இருக்கறதால எல்லாத்தையும் நான் நேர்லயே கேக்கறேன்:

"அண்ணா ரெண்டு பேரு, ரெண்டு பேரு!"

"எங்கடா?"

"இங்கதான்ணா!"

அதுக்குள்ள நாலாவது ஆள் மலையாளத்துல வேற ஒரு சேதி சொல்றான், அஞ்சாவது ஆள் செத்த கோபத்துல புலம்பறான். டீமை ஆறாக்கணும்னு கேக்கறவங்களுக்கு நான் வைக்கிற பரீட்சை ஒண்ணுதான். சேதி சொல்றப்ப முதல்ல இடம், அப்புறம் எண்ணிக்கை, கடைசியா அடி. "மிட், ரெண்டு, ஒருத்தன் லோ." லோன்னா உசிரு கம்மி. அவ்வளவுதான். இடத்துப் பேரு மேப்ல என்ன இருக்கோ அதுவே, வீட்டுல எந்த பாஷை பேசினாலும் சரி. செத்தவன் கடைசியாப் பாத்ததை ஒரு வரியில சொல்லிட்டு வாயை மூடணும். அஞ்சு பேரோட இதைச் செய்ய முடியாத டீம் ஆறுக்குப் போகக் கூடாது. நாலுக்கு இறங்கணும்.

கம்பெனிக்காரன் மாத்தினானேன்னு சொல்றவங்களுக்கு

"ஓவர்வாட்ச்லயே ஆறை அஞ்சாக்கிட்டான்"னு ஒருத்தன் எடுத்து வைப்பான். கதையை முழுசாச் சொல்லுங்க. 2016ல வந்தப்ப ஆறு பேர். 2019ல ரெண்டு டாங்க் (அடி தாங்கறவன்), ரெண்டு டேமேஜ் (அடிக்கறவன்), ரெண்டு சப்போர்ட் (உசிரு குடுக்கறவன்)னு பூட்டினாங்க. 2022 அக்டோபர்ல ஓவர்வாட்ச் 2 அஞ்சு பேரா வந்தப்ப, டீமுக்கு ஒரு டாங்க்தான் போச்சு, வேற யாரும் போகல. டாங்க் ஆட ஆள் கம்மி, டேமேஜ் ஆட வந்தவன் க்யூவுல காத்துக் கிடந்தான். ரெண்டு டாங்க் ஷீல்டைப் பிடிச்சு நின்னா சுட்டுச் சுட்டுக் கை வலிக்கும். இதெல்லாம் கொஞ்சம் குறைஞ்சுச்சு. பதிலுக்கு, தோத்தா ஒத்தை டாங்க் தலையில மொத்தப் பழி. 2024 டிசம்பர்ல அவங்களே மறுபடி ஆறு பேர் ஆட்டத்தைச் சோதனைக்கு விட்டாங்க. அதே மாசம் மார்வெல் ரைவல்ஸ் ஆறுக்கு ஆறுன்னே இறங்குச்சு. என்னைக் கேட்டா, ஒருத்தன் அடி தாங்கி ஒருத்தன் உசிரு குடுக்கற கேமுக்கு ஆறுதான் அழகு. ரெண்டு டாங்க் இருந்தா ஒருத்தன் தப்பு பண்ணலாம், இன்னொருத்தன் நிப்பான்.

கால் ஆஃப் டூட்டி லீக் 2020 சீசன்ல அஞ்சுக்கு அஞ்சு வெச்சாங்க, அடுத்த சீசன்லயே நாலுக்குத் திரும்பிட்டாங்க. டீம் ஃபோர்ட்ரஸ் 2 இன்னும் வேடிக்கை. அதுல ஆள் வகை ஒன்பது. ஆறு பேர் போட்டியில வழக்கமா ரெண்டு ஸ்கவுட், ரெண்டு சோல்ஜர், ஒரு டெமோமேன், ஒரு மெடிக். ஸ்னைப்பரும் ஸ்பையும் ஹெவியும் அவசரத்துக்கு எட்டிப் பாக்கற விருந்தாளி மாதிரிதான். எல்லா வகையும் ஆடணும்னு ஆசைப்பட்டவங்க வகைக்கு ஒருத்தன்னு ஒன்பதுக்கு ஒன்பது வெச்சு, ஹைலேண்டர்னு பேரு குடுத்தாங்க. ரெண்டுமே வருஷக்கணக்கா ஓடுது. ஒரே கேம், ஒரே துப்பாக்கி, ரெண்டு சைஸ். எந்த வேலை ஆட்டத்துல வேணும்னு முடிவு பண்ணா எண்ணிக்கை தானா வந்து நிக்கும்.

பேசினது போதும், ஆடிப் பாருங்க

ஒரே நாள் சாயங்காலம், ஒரே மேப், அதே ஆளுங்க. முதல்ல நாலுக்கு நாலு, அப்புறம் அஞ்சு, கேம் விட்டா ஆறும். டீமைக் கலைச்சு மாத்தி மாத்திப் போடுங்க, இல்லேன்னா நல்ல டீம் ஜெயிச்சதை நல்ல சைஸ் ஜெயிச்சதுன்னு நெனைச்சுக்குவீங்க. ஆடாத ஒருத்தன் கையில நோட்டும் பேனாவும் குடுங்க. ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் அவன் ரெண்டு விஷயம் குறிச்சாப் போதும்: ஒண்ணும் பண்ணாம சும்மா நின்னவன் யாரு, ரெண்டு வேலைக்கு நடுவுல ஓடிக்கிட்டே இருந்தவன் யாரு. சும்மா நின்னவன் பத்தி அடிக்கடி நிறைஞ்சா ஒரு ஆளைக் குறைங்க. ஓடினவன் பத்தி நிறைஞ்சா ஒரு ஆளைக் கூட்டுங்க. கில் கணக்கை எழுத விடாதீங்க. எழுதினா அன்னைக்கு ராத்திரி வேற சண்டை.

எட்டு சிஸ்டம் வெச்சிருக்கறவனுக்கு நாலுக்கு நாலுதான் வசதி, எனக்கும் அந்த ஆசை உண்டு, மறைக்கல. அஞ்சுக்கு அஞ்சுன்னா ரெண்டு பேர் லேப்டாப் கொண்டாரணும், ஸ்விட்ச்ல இருந்து ஒயரை வாசல் வரைக்கும் இழுக்கணும். அதுக்காக ரெண்டு சைட் மேப்பை நாலு பேருக்கு வெச்சு ஆட்டத்தைக் கெடுக்க மாட்டேன். நாலுதான் வசதின்னா அந்த வாரம் டி.டி.எம். வைப்பேன்.

ஆள் வரத்தையும் பாருங்க. எங்க பக்கத்துல பாதிப் பேர் கஞ்சிக்கோடு கம்பெனியில ஷிஃப்ட், கொஞ்சம் பேர் தெனமும் கோயமுத்தூர் போய்ட்டு வர்றவங்க. அஞ்சு பேர் டீம்னா அஞ்சு பேருக்கும் ஒரே நேரம் ஓய்வு கிடைக்கணும். பேரு குடுக்கறப்பவே ஆட்டக்காரங்களோட ஒரு சப் (மாற்று ஆள்) பேரையும் எழுதி வாங்குங்க. சப் இல்லாத டீமுக்கு இடம் இல்லேன்னு சொன்னா முணுமுணுப்பாங்க, பரவாயில்ல. சப் வேற எந்த டீம்லயும் ஆடக் கூடாது. ரவுண்டு நடுவுல மாத்தக் கூடாது, மேப் முடிஞ்சு மாத்தலாம்.

நாட்டுக்கல் பக்கத்து டீம் ஒண்ணு எப்பவும் நாலு பேரா வந்து நின்னு, "அஞ்சாவது ஆள் பஸ்ல வந்துட்டிருக்கான்ணா"ம்பாங்க. பத்து நிமிஷம் பொறுப்பேன். அதுக்கு மேல நாலு பேரா ஆடட்டும், அஞ்சாவது ஆள் அடுத்த மேப்ல சேரட்டும். எதிர் டீம்ல ஒருத்தனை உக்கார வெச்சு நாலுக்கு நாலாக்கச் சொல்லிக் கெஞ்சுவாங்க. ஒத்துக்காதீங்க. நேரத்துக்கு வந்தவன் ஏன் வெளிய உக்காரணும்?

கடைசியா கரண்ட். ஆடி மாசக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கறப்ப எங்க ஊர்ல லைன் எப்ப போகும்னு சொல்ல முடியாது. யூ.பி.எஸ். தாங்காம சிஸ்டம் அணைஞ்சா, கவுன்டர் ஸ்ட்ரைக்ல அந்த ரவுண்டு தொடங்கின இடத்துக்கே திருப்பிப் போற வசதி இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. ஒருத்தன் மொபைல் நெட் மட்டும் போச்சுன்னா ஆட்டம் நிக்காது. மிச்ச ஆளுங்க மேப்பை முடிக்கணும், அடுத்த மேப்புக்கு சப்பை எறக்கிக்கலாம். இதை ஒட்டின பேப்பர்லயே கொட்டை எழுத்துல எழுதிருங்க.