ஹோட்டன் சமவெளிக்குப் போறீங்களா? 10 மணிக்கு முன்னமே பாருங்க

கொழும்பிலிருந்து விடியப் புறப்பட்டு அன்றே அங்குள்ள ‘உலக முடிவு’ (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க நினைத்தால் பெரும்பாலும் பனிமூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். காலை 9, 10 மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறிவிடும். முதல் நாளே நுவரெலியாவில் தங்கி, 5 மணிக்கு முன் வாகனம் எடுங்கள். சுமார் ஒரு மணிநேரப் பாதை.

சுற்றுப்பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர், 3 மணிநேரம் பிடிக்கும். முதலில் உலக முடிவுக்கு நடந்துவிட்டு, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழிக்கு விடுங்கள். அருவி முகிலுக்குள் ஓடிப்போகாது!

பொலித்தீன் உள்ளே விடமாட்டார்கள், வாசலிலேயே பையைச் சோதிப்பார்கள். பாண், ரோல்ஸ் எல்லாம் சாப்பாட்டுப் பெட்டியில் வரட்டும். 2,100 மீட்டர் உயரம். கொழும்புச் சட்டையோடு போனால் நடுக்கம்தான். ஜாக்கெட்டும் பிடிமானமுள்ள சப்பாத்தும் கட்டாயம். செருப்பு ஈரக்கல்லில் வழுக்கும்.