தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்: நீங்களே சோதித்து மாற்றலாம்

கார் ஹீட் ஆகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டால், பல இடங்களில் முதல் வைத்தியம் இதுதான்: "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம் சார், கழற்றிப் போட்டுடலாம்." ஏற்காடு ஏறும்போது பாதி வழியிலேயே டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டதால், என் பழைய பெட்ரோல் காருக்கும் அப்படித்தான் செய்தார்கள். சூடு குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு முள் நடுவுக்கு வரவே இல்லை, மைலேஜும் விழுந்தது. ஒரு வருடம் கழித்து நானே புதிது வாங்கிப் பொருத்தினேன். அரை நாள் வேலை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

தெர்மோஸ்டாட் என்பது கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், போகும் வழியில் இருக்கும் ஒரு கதவு. அதன் நடுவே சின்ன உலோகக் குப்பிக்குள் மெழுகு இருக்கும். சூடேறினால் மெழுகு உருகி விரியும், கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும். அதுவரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பல கார்களில் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும். பெரும்பாலும் அந்த எண் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

எஞ்சின் நன்றாக வேலை செய்ய 90 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். வெளியே 40 டிகிரி அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். போதிய சூடு ஏறாவிட்டால் பெட்ரோல் கூடுதலாகப் பாயும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், எஞ்சின் சீக்கிரம் தேயும். அதோடு, சில எஞ்சின்களில், ரேடியேட்டருக்குப் போகாத பைபாஸ் வழியைச் சூடேறியதும் அடைப்பதும் இதே தெர்மோஸ்டாட்தான். அதில் இதைக் கழற்றினால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் எஞ்சினுக்கே திரும்பிவிடும். ஹீட் குறையத்தான் கழற்றினோம், ஆனால் ஹீட் கூடும்.

பழுது அதில்தானா?

முதலில் கூலண்ட் அளவைப் பாருங்கள். பிறகு ரேடியேட்டர் ஃபேன். டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஹீட் ஆகி, ஓடும்போது சரியாகிவிட்டால் சந்தேகம் ஃபேன் மேல்தான். வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ஆயில் பால் கலந்த காபி போல மாறுவது இரண்டும் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போனதற்கான அறிகுறிகள். அப்படி இருந்தால் நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

இவை சரியாக இருந்தால், காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும், கையை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அது திறந்தபடி சிக்கிக்கொண்டது. முள் நடுவுக்கு வர மறுப்பதும், ஸ்கேனரில் P0128 என்ற பழுதுக் குறியீடு வருவதும் இதே பக்கத்தைத்தான் காட்டும். முள் நடுவைத் தாண்டி ஏறியும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், அது மூடியபடி சிக்கிவிட்டது. உடனே எஞ்சினை நிறுத்துங்கள். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அதில் கீழ் ஹோஸைத்தான் பார்க்க வேண்டும்.

கழற்றுவது

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். திறந்த நொடியில் முகத்தில் பீறிடும். குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள்.

கீழே ஒரு அகலமான பேசினை வைத்துக் கூலண்டை வடித்துவிடுங்கள். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும், அதனால் சிந்தியதை அப்போதே துடைத்துவிடுங்கள். அப்புறம் ஹோஸ் எஞ்சினைச் சந்திக்கும் இடத்தில் உள்ள ஹவுசிங் என்ற மூடியின் இரண்டு மூன்று போல்ட்களைக் கழற்றினால் தெர்மோஸ்டாட் தெரியும். எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று எடுப்பதற்கு முன்பே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கார்கள் சிலவற்றில் ஹவுசிங்கோடு சேர்ந்து ஒரே பாகமாக வரும். அதை மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும்.

பாத்திரச் சோதனை

இனி சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் எந்தச் சூட்டில் திறக்கிறது என்று பார்க்கலாம். இல்லாவிட்டாலும், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது வால்வு நன்றாகத் திறந்திருக்க வேண்டும், ஆறியதும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் புதிதுதான். இதை ரிப்பேர் செய்ய வழி கிடையாது. புதிதாக வாங்கியதையும் பொருத்துவதற்கு முன் இதே போலச் சோதித்துவிடுங்கள்.

பொருத்துவது

பழைய கேஸ்கெட்டின் துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அங்கேதான் ஒழுகும். புது கேஸ்கெட் அல்லது ஓ-ரிங் கட்டாயம். மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். விளிம்பில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருந்தால் அது மேலே வரட்டும். போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பலம் காட்டினால் அலுமினிய மரை போய்விடும்.

காருக்குரிய கூலண்டை, பாட்டிலில் சொன்ன அளவில் டிஸ்டில்டு வாட்டர் கலந்து மெதுவாக ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைக்கும். காற்று வெளியேற்றும் ஸ்க்ரூ இருந்தால், குமிழி நின்று கூலண்ட் மட்டும் வரும்வரை திறந்து வையுங்கள். பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். முள் நடுவில் நின்று, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். உள்ளே காற்று சிக்கியிருந்தால் முள் திடீரென ஏறி இறங்கும். அப்படி ஆனால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி நிரப்புங்கள்.

மறுநாள் காலை கூலண்ட் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கும். குறிவரை ஊற்றிவிட்டு, ஹவுசிங்கைச் சுற்றி விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.