மனேஜரைக் கலைக்கச் சொல்லுமுன்: அணித்தெரிவையும் பேரையும் எடைபோடுவது எப்படி

சனிக்கிழமை இரவு இங்கிலாந்து உதைபந்தாட்டம் முடிந்ததும் யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியில் நின்றாலும் இந்தக் கதை காதில் விழும். ஒருவன் "இவருக்கு ரீம் எடுக்கத் தெரியாது, கலைக்க வேணும்" என்பான். மற்றவன் "அவர் எத்தனை கிண்ணம் தூக்கினவர் தெரியுமா" என்பான். அடுத்த கிழமையும் அதே இரண்டு பேர், அதே பேச்சு. முதலாமவன் அன்றைய கோல் கணக்கை வைத்துக் கதைக்கிறான், இரண்டாமவன் பழைய பேரை வைத்துக் கதைக்கிறான், நடுவில் கிடக்கிற கேள்வியை இருவருமே தொடுவதில்லை: ஆட்டம் தொடங்குமுன் மனேஜரின் கையில் என்ன இருந்தது, அதை வைத்து அவர் எடுத்த முடிவு நியாயமானதா? இதைக் கேட்கப் பழகினால் வாக்குவாதத்துக்கும் ஒரு ருசி வரும், ஆட்டமும் கூடுதலாக விளங்கும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் பதினொருவரை எழுதுங்கள்

இங்கிலாந்தின் முதல்தரச் சுற்றான பிரீமியர் லீக்கில் அங்கே பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு 7.30, அவர்கள் மணிக்கூட்டைப் பின்தள்ளிய பிறகு 8.30. அணிப் பட்டியல் அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கும் சற்றுக் கூடுதலான நேரத்துக்கு முன்பே வந்துவிடும். அது வருமுன் உங்கள் பதினொருவரை ஃபோனிலோ தாளிலோ எழுதிவிடுங்கள். இழுபறியான இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் ஏன் இவர் என்று ஒரு வரி போதும். யாருக்குக் காயம், யார் மஞ்சள் அட்டை சேர்ந்து தடையில் இருக்கிறார், கிழமை நடுவில் ஐரோப்பியப் போட்டியில் யார் 90 நிமிடமும் ஓடினார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சின்ன வேலைதான், ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். தோற்ற பிறகு சரியான அணி எல்லாருக்கும் தெரியும். தோற்குமுன் தெரிந்ததா என்பதுதான் கேள்வி.

2021 மே 29, போர்ட்டோவில் மன்செஸ்டர் சிட்டிக்கும் செல்சிக்கும் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கழகங்களின் பெரிய கிண்ணம்) இறுதிப் போட்டியை எடுங்கள். சிட்டியின் மனேஜர் குவார்டியோலா, பின்வரிசைக்கு முன்னால் காவல் நிற்கிற ரொட்ரி, பெர்னாண்டினோ இருவரையும் வெளியே இருத்திவிட்டுக் குண்டோகனைப் பின்மத்தியில் நிறுத்தினார். அந்தப் பருவத்தில் ஏறத்தாழ எல்லா ஆட்டத்திலும் அந்த இருவரில் ஒருவராவது தொடங்கியிருந்தார். 42ஆவது நிமிடத்தில் செல்சியின் மவுண்ட் நடுவால் நீட்டிய பந்தை ஹவேர்ட்ஸ் கோலாக்கினார், செல்சி 1-0 என்று வென்றது. இப்போது இதை இரண்டு விதமாகக் கதைக்கலாம். "தோற்றார், ஆகவே தெரிவு பிழை" என்பது வெறும் முடிவுக் கணக்கு, 0-1 தோல்வி தனியாக எதையும் நிறுவாது. "பின்வரிசைக்கு முன்னால் காவல் நிற்கப் பழகிய ஆள் இல்லை, செல்சியோ பந்தைப் பறித்ததும் வேகமாக ஓடுகிற அணி, அந்த இடைவெளியால்தான் கோல் வந்தது" என்று சொன்னால் அதுதான் விமர்சனம். பட்டியல் வந்த உடனேயே இதைச் சொன்னவர்கள் அன்று நிறையப் பேர், அவர்களின் வாதத்துக்குக் கனம் அதிகம். குவார்டியோலா பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு: குண்டோகன் அந்தப் பருவத்தில் லீக்கில் 13 கோல் அடித்து அணியிலேயே முதலிடத்தில் நின்றவர், பந்தை வைத்திருப்பதில் கெட்டிக்காரன், பந்து தன் அணியிடமே இருந்தால் காவல் தேவைப்படாது என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். இரண்டையும் தராசில் வைத்த பிறகும் நான் அந்தத் தெரிவு பிழை என்றுதான் சொல்வேன்.

"யாரை எடுப்பாய்" என்பதோடு "யாரை விடுவாய்" என்றும் கேளுங்கள்

அணித்தெரிவைப் பற்றிய பேச்சில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே அடங்கிவிடும்.

"மச்சான், அந்தப் பெடியனை முதலிலேயே இறக்கியிருக்க வேணும்."

"சரி, யாரை வெளியே எடுப்பாய்?"

"வலதுபக்கத்து ஆளை."

"அப்ப அந்தப் பக்கத்தால் எதிரணியின் பின்கள ஆள் மேலே ஏறி வந்தால் யார் பிடிக்கிறது?"

இங்கே வந்ததும் பேச்சு திட்டுவதை விட்டு ஆட்டத்துக்குள் போய்விடும். பதினொரு இடம்தான் இருக்கிறது, ஒருவரை உள்ளே கொண்டுவந்தால் இன்னொருவர் வெளியே போக வேண்டும், அவரோடு அவர் செய்த வேலையும் போகும். மாற்று வீரர்களுக்கும் இதே கேள்விதான். 2022-23 பருவத்திலிருந்து பிரீமியர் லீக்கில் ஐந்து பேரை மாற்றலாம் என்பதால் "ஏன் 80ஆவது நிமிடம் வரை பார்த்துக்கொண்டு நின்றார்" என்ற குறை இப்போது முன்னையிலும் நியாயமானது.

நமக்குத் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது, அது பயிற்சி. கிழமை முழுக்க யார் எப்படி ஓடினார், யாருக்குத் தொடையில் இழுப்பு, யார் சொன்னதைக் கேட்கவில்லை என்பதை ரி.வியில் காட்டமாட்டார்கள். அதனால் ஒரு ஆட்டத்துக்கு ஒருவரை விட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மாதக்கணக்கில் தொடர்ந்து விட்டால் கேளுங்கள்.

ஆர்சனலின் கோல்காப்பாளர் சண்டை ஞாபகம் இருக்கும். 2022-23இல் ராம்ஸ்டேல் வீரர் சங்கத்தின் அந்த ஆண்டு அணியிலேயே இடம்பிடித்தவர், புது ஒப்பந்தமும் போட்டவர். அடுத்த பருவம் ஆர்சனல் மனேஜர் அர்டெட்டா பிரென்ட்ஃபோர்டிலிருந்து ராயாவை இரவலாகக் கொண்டுவந்து, செப்டெம்பரில் எவர்ட்டனுக்கு எதிராக இறக்கியதிலிருந்து அவரையே வைத்திருந்தார். ஊரில் ஆர்சனல் ஆட்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ராயா தொடக்கத்தில் தடுமாறியபோதெல்லாம் "நான் சொன்னேன்தானே" என்ற குரல் பெரிதாகக் கேட்டது. பருவம் முடிய அவர் 16 ஆட்டங்களில் கோல் விடாமல் தங்கக் கையுறை விருதை வாங்கினார். ஆனால் விருதை விடக் காரணத்தைப் பாருங்கள்: ராயா காலால் பந்தைக் கொடுக்கும் விதமும், உயரப் பந்துகளுக்கு வெளியே வந்து பிடிக்கும் விதமும் அந்த அணி ஆட விரும்பிய ஆட்டத்துக்குப் பொருந்தின. இதை முதல் மாதத்திலேயே கவனித்துச் சொன்னவர்தான் நல்ல பார்வையாளர். அதே நேரம், நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவரை இப்படி ஓரம் கட்டலாமா என்ற கேள்வியும் செல்லாக் கேள்வி இல்லை. தெரிவு சரியா, ஆளை நடத்திய விதம் சரியா என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஆட்டத்தைப் பாருங்கள், கோல் கணக்கு பிறகு

எக்ஸ்ஜி (xG, எதிர்பார்க்கக்கூடிய கோல்) என்ற கணக்கை இப்போது எல்லாப் புள்ளிவிபரத்திலும் போடுகிறார்கள். இந்த இடத்திலிருந்து இப்படி அடிக்கிற பந்து வழமையாக நூற்றுக்கு எத்தனை தரம் கோலாகும் என்பதுதான் அது. தண்ட உதை ஒன்றுக்கு முக்காலுக்குச் சற்று மேல் வரும், தூரத்திலிருந்து அடித்தால் மிகக் குறையும். ஒரு ஆட்டத்தின் எண்ணை வைத்து யாரையும் அடக்க வேண்டாம். பத்து ஆட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். தோற்றுக்கொண்டே நல்ல வாய்ப்புகளை உண்டாக்குகிற அணியும், வென்றுகொண்டே ஒன்றும் உண்டாக்காத அணியும் அங்கே தெரியவரும். சிவப்பு அட்டை விழுந்த ஆட்டத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், பத்துப் பேரோடு ஆடியதை வைத்து எண் பார்த்தால் பிழையான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

பேர் என்பது எங்கே, எதை வைத்துச் சம்பாதித்தது

லெஸ்டரின் மனேஜராக இருந்த ரனியேரியின் கதையைத் தெரியாமல் மனேஜரின் பேரைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பேன். 2014 நவம்பரில் அவர் பயிற்றுவித்த கிரேக்கத் தேசிய அணி சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் 0-1 என்று தோற்றது, வேலை போனது. செல்சியில் இருந்த காலத்திலேயே அணியை ஓயாமல் மாற்றுகிறவர் என்ற கெட்ட பேர் வேறு. 2015இல் லெஸ்டர் அவரை எடுத்தபோது உலகமே புருவத்தை உயர்த்தியது. அடுத்த ஆண்டு அந்த அணி 81 புள்ளிகளோடு லீக் சாம்பியன், அதுவும் ஏறத்தாழ ஒரே பதினொருவரைத் திரும்பத் திரும்ப இறக்கி. ஐரோப்பியப் போட்டி இல்லாததால் கிழமைக்கு ஒரு ஆட்டம்தான், வீரர்களுக்கு ஓய்வு இருந்தது. அடுத்த பருவம் நடுக்கள வீரர் கான்டே செல்சிக்குப் போனார், சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் சேர்ந்தன, அணி கீழே சரிந்தது, கிண்ணம் வென்று பத்து மாதம் ஆகுமுன் 2017 பெப்ரவரியில் ரனியேரியையும் அனுப்பிவிட்டார்கள். மனிதர் ஒருவர்தான், மாறியது கையில் இருந்த வீரர்களும் ஆட்ட அட்டவணையும்.

ஆகவே ஒருவரின் பேரைச் சொல்லுமுன் மூன்றைப் பாருங்கள்: அங்கே அவருக்கு எவ்வளவு பணம் இருந்தது, வீரர்களை வாங்கியது அவரா அல்லது மேலே இருக்கிற விளையாட்டுப் பணிப்பாளரா, கிழமைக்கு எத்தனை ஆட்டம். இப்போது பல கழகங்களில் மனேஜர் என்று நாம் சொல்கிறவர் தலைமைப் பயிற்றுவிப்பாளர் மட்டும்தான், வாங்கிக் கொடுத்த ஆட்களை வைத்து ஆட்டுவிப்பதுதான் அவரின் வேலை. வாங்கிய பிழையை அவரின் தலையில் போடுவது அநியாயம்.

2025 மே மாதம் பில்பாவோவில் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிண்ணமான யூரோப்பா லீக் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் லீக்கில் 15ஆம் இடத்தில் முடித்த மன்செஸ்டர் யுனைடட், மறுபக்கம் 17ஆம் இடத்தில் முடித்த டொட்டன்ஹாம். டொட்டன்ஹாம் 1-0 என்று வென்று 17 வருடங்களுக்குப் பிறகு ஒரு கிண்ணத்தைத் தூக்கியது, இரண்டு கிழமைக்குச் சற்று மேல் போனதும் மனேஜர் போஸ்டெகோக்லுவை நீக்கிவிட்டது. லீக்கில் 22 தோல்வி, பின்கள வீரர்கள் மாதக்கணக்கில் காயம், கையில் கிண்ணம். அவர் நல்லவரா கெட்டவரா என்று ஒரே சொல்லில் கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன். லீக்கை விட்டுக் கிண்ணத்தைப் பிடிக்க அவர் ஆளை ஒதுக்கிய விதம் சரியா என்று கேட்டால் சரி என்பேன்.

அப்புறம் மன்செஸ்டர் யுனைடட்டின் பழைய மனேஜர் பெர்குசன். "அவருக்கும் நேரம் கொடுத்தார்கள்தானே" என்று யுனைடட் ஆட்கள் சொல்லாத நாளில்லை. உண்மைதான், 1986இல் வந்தவர் முதல் கிண்ணத்தை 1990இல்தான் தொட்டார், லீக்கை 1993இல். ஆனால் இடையில் 1987-88இல் இரண்டாம் இடம் வந்திருந்தது, இளையோர் அணியையும் வீரர்களைத் தேடிப் பிடிக்கிற வேலையையும் அவர் அடியிலிருந்து திருத்திக்கொண்டிருந்தார். அர்டெட்டாவுக்கும் லீக்கில் எட்டாம் இடம், மறுபடி எட்டு, பிறகு ஐந்து, இரண்டு என்று படி தெரிந்தது. ஆகவே நேரம் கேட்கிறவரிடம் அடையாளம் கேளுங்கள்: எந்த இளைய வீரர் முன்னேறினார், எந்தப் பழைய குறை குறைந்தது, போன வருடத்தை விட என்ன மாறியது? ஒன்றையும் காட்ட முடியாவிட்டால் பெர்குசனின் பேரை இழுக்க வேண்டாம்.

நம் கழகத்துக் கோச்சைப் பற்றிக் கதைக்கும்போது

இதுதான் எனக்கு மனதுக்கு நெருக்கமான பகுதி. குருநகர், நாவாந்துறை, இளவாலை, அரியாலை என்று உதைபந்தாட்டம் ஊறிய ஊர்களில் கழகத்து அணித்தெரிவு வீட்டுப் பிரச்சினை மாதிரி. துரையப்பா விளையாட்டரங்கில் இறுதிப் போட்டி நடந்தால் வீதியே அங்கேதான். குவார்டியோலாவுக்கு நாம் சொல்வது கேட்காது, கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற நம் பயிற்றுவிப்பாளருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். அவர் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், தன் வேலை முடிந்து பின்னேரம் வந்து நிற்கிறவர். அவர் கையில் இருக்கிற அணி நாளுக்கு நாள் மாறும்: இரவு கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வந்த பெடியன், உயர்தரச் சோதனைக்கு ரியூசன் போகிற பெடியன், அடுத்த மாதம் வெளிநாடு போகக் காத்திருக்கிறவன். சனிக்கிழமை பதினொருவரைச் சேர்ப்பதே ஒரு வேலை.

அதனால் முதலில் யார் வந்திருந்தார் என்று கேளுங்கள், பிறகு யாரை விட்டார் என்று கேளுங்கள். ஆட்டத்தின் நடுவில் வீரனின் பேரைச் சொல்லிக் கத்தாதீர்கள், அவன் பதினேழு வயதுப் பெடியனாக இருந்தால் அடுத்த பந்தைத் தொடவே பயப்படுவான், அவனின் தாயும் பக்கத்தில்தான் நிற்பார். சொல்ல வேண்டியதை மறுநாள் கோச்சிடம் நேரே போய்ச் சொல்லுங்கள்: "அண்ணை, இரண்டாம் பாதியில் இடதுபக்கத்தால் மூன்று தரம் வந்தாங்கள், தம்பிக்கு உதவிக்கு ஒருத்தரும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு மத்தியில் நிற்கிற ஒருவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் விடலாமோ?" எந்த இடம், எத்தனை தரம், என்ன மாற்றுவழி என்பதெல்லாம் இதில் இருக்கிறது. "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்கினால் அவர் காதை மூடிவிடுவார்.

"சொந்தக்காரன் என்றபடியால் எடுத்தார்" என்ற குற்றச்சாட்டு எல்லா ஊரிலும் வரும். சில இடத்தில் அது உண்மையாகவும் இருக்கும், அதை மூடி மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் சந்தியில் நின்று சொன்னால் இரண்டு குடும்பம் பகைக்கும், வேறு ஒன்றும் நடக்காது. கழக நிர்வாகக் கூட்டத்தில் பயிற்சி வரவுப் பதிவைக் கேளுங்கள். அப்படி ஒரு கொப்பி இல்லையென்றால் இந்தச் சுற்றுப்போட்டியிலிருந்து ஒன்று போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் யார் வந்தார் என்று திகதியோடு குறித்து, குறைந்தது எத்தனை நாள் வந்தால் தெரிவுக்கு எடுபடலாம் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்னரே எல்லாப் பெடியளுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கொப்பியை யார் வைத்திருப்பது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவெடுங்கள், கோச்சுக்கும் வீரர்களுக்கும் உறவில்லாத ஒருவராக இருந்தால் நல்லது.