கேலக்ஸி தட்டையாக இருப்பது சுழல்வதால் மட்டும் அல்ல

"சுழன்றது, தட்டையாகிவிட்டது." தட்டு வடிவக் கேலக்ஸிகளை (விண்மீன் மண்டலங்களை)ப் பற்றிய விளக்கம் பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடுகிறது. இது பாதிதான்.

தட்டையாவதற்கு ஆற்றலை இழக்கவும் வழி வேண்டும். தொடக்கத்தில் இருந்தது வாயு. மேலிருந்து இறங்கும் வாயுவும் கீழிருந்து ஏறும் வாயுவும் மோதிச் சூடாகின்றன. அந்தச் சூடு ஒளியாக வெளியேறிவிடுகிறது. மேல்கீழ் ஓட்டம் இப்படியே அடங்கிப்போகும். சுற்றும் ஓட்டம் அப்படி அடங்காது, ஏனென்றால் கோண உந்தத்தை, அதாவது சுழற்சியின் அளவை, ஒளியாகக் கொட்டித் தீர்க்க முடியாது. மையத்தில் போய் விழ முடியாத வாயு, ஒரு தளத்தில் படிந்து தட்டாகிறது.

விண்மீன்கள் மோதி மோதித் தட்டையாயின என்று எழுதுவது இன்னொரு தவறு. அவை ஒன்றோடொன்று மோதுவது அபூர்வம். முதலில் வாயு படிந்தது, அதற்குள் விண்மீன்கள் பிறந்தன. இருண்ட பொருளுக்கும் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் பொருள்) கொஞ்சம் சுழற்சி உண்டு. ஆனால் அது ஒளி வீசி ஆற்றலை இழப்பதில்லை, அதனால் இன்றும் ஏறக்குறைய உருண்டையாகவே தட்டைச் சூழ்ந்திருக்கிறது.

சரி, நம் கேலக்ஸியான பால்வீதியின் வரைபடத்துக்கு வருவோம். (மேலிருந்து எடுத்தது போன்ற பால்வீதிப் படங்கள் எல்லாம் ஓவியங்கள். எந்தக் கேமராவும் அவ்வளவு தூரம் போனதில்லை.) 1785-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் திசைவாரியாக விண்மீன்களை எண்ணி வரைந்தபோது, சூரியன் ஏறக்குறைய நடுவில் வந்து உட்கார்ந்தது. விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசி தொலைவில் இருந்தவற்றை மறைத்ததை அவர் அறியவில்லை. மூடுபனியில் நிற்பவருக்கு எந்தப் பக்கமும் ஒரே தூரம்தானே தெரியும்! 1918-இல் வானியலாளர் ஷாப்லி, தட்டுக்கு வெளியே சிதறிக் கிடக்கும் கோளக் கொத்துகளைக் (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டங்களை) கொண்டு மையத்தைத் தனுசு ராசிப் பக்கம் நகர்த்தினார். இன்றைய கணக்கில் அந்த மையம் நம்மிடமிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தூரம். ஆனால் தூசியை அவரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவருடைய தூரங்கள் மிகையானதற்கு அதுவும் ஒரு காரணம். 1930-இல் வானியலாளர் டிரம்ப்ளர்தான் அந்தத் தூசி இருப்பதை நிரூபித்தார்.

1951-இல் பிடிபட்ட ஹைட்ரஜனின் 21 செ.மீ. ரேடியோ அலை தூசியைத் தாண்டி வரும். அப்புறம் என்ன சிக்கல்? அது தருவது வேகத்தை, தூரத்தை அல்ல. சூரியனின் சுற்றுப்பாதைக்கு உள்ளே, ஒரே பார்வைக்கோட்டில் ஒரே வேகத்துக்கு இரண்டு தூரங்கள் பொருந்தும். சரிபார்க்காமல் ஒன்றைத் தேர்ந்தால் வரைபடத்தில் சுருள்கரம் (தட்டில் சுருண்டு நீளும் கை போன்ற பகுதி) இடம் மாறிவிடும்.

விண்மீன்களின் இடத்தை அளந்த கையா விண்கலத்தின் தரவிலும் ஒரு பொறி உண்டு. பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம்தான் இடமாறு கோணம். அதைத் தலைகீழாக்கினால் (1-ஐ அதனால் வகுத்தால்) தூரம் வரும், ஆனால் அளவீட்டுப் பிழை சிறியதாக இருந்தால்தான். மங்கலான விண்மீன்கள் சிலவற்றுக்குக் கோணம் எதிர்க்குறியில்கூட வருகிறது. அது தவறான தரவு அல்ல, பிழையின் இயல்பு. அவற்றை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு வரைந்தால் வரைபடம் ஒருபக்கமாகச் சாயும்.