நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு அமெரிக்க மாநில அதிகாரியோட வாழ்க்கையைத் தேடி எழுதுறது எப்படி? (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

லிங்கனைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க, ஆனா ஏதோ ஒரு மாநிலத்துல ஒரு ஆபீஸ்ல உக்காந்து வேலை பாத்தவங்களைப் பத்தி தமிழ்ல தேடினா ஒண்ணும் வராது. எழுதலாம்னு ஆசைப்படுறவங்களுக்கு, நான் பண்ற முறையை ஒரு ஆளை வச்சே காட்டுறேன். ஆள்: சோலெதாத் சாக்கோன், நியூ மெக்சிகோ மாநிலம்.

ஸ்டெப் 1: மொதல்ல பதவி, அப்புறம்தான் ஆள்

இவங்க 1923ல இருந்து 1926 வரைக்கும் அங்க செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். நம்ம பேப்பர் படிச்ச பழக்கத்துல கை தானா "வெளியுறவு அமைச்சர்"னு டைப் பண்ணிடும், நானும் பண்ணேன், ரெண்டு பத்தி எழுதினதுக்கு அப்புறம்தான் உறைச்சுது நியூ மெக்சிகோவுக்கு ஏதுடா வெளியுறவுன்னு. வெளியுறவு பாக்குறவர் வாஷிங்டன்ல இருக்கறவர். மாநிலத்துல அதே பேர்ல இருக்கறவங்க தேர்தல் வேலை, மாநில முத்திரை, அரசாங்க ரெக்கார்டு இதெல்லாம் பாத்துக்குறவங்க. மாநிலச் செயலாளர்னு எழுதுங்க போதும்.

ஸ்டெப் 2: அந்த ஊரு சட்டம் எப்ப மாறுச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க

நியூ மெக்சிகோ மாநிலமானதே 1912 ஜனவரி 6லதான், அதுக்கு முன்னாடி வெறும் டெரிட்டரி, அதாவது மாநில அந்தஸ்து இல்லாத பகுதி. 1920ல நாடு முழுக்க பொண்ணுங்களுக்கு ஓட்டு வந்துச்சு, ஆனா ஓட்டு போடுறது வேற, பதவிக்கு நிக்கறது வேற, அதுக்கு அங்க 1921ல மாநில அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்துச்சு. அடுத்த தேர்தல் 1922 நவம்பர். சாக்கோன் டெமாக்ரடிக் கட்சில நின்னு ஜெயிச்சது அதுலதான். அதே தேர்தல்ல ரிபப்ளிகன் கட்சி சார்பா அடெலினா ஓட்டெரோ வாரன் அமெரிக்க காங்கிரஸுக்கு நின்னு தோத்தாங்க. இப்படி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாதான் கட்சிங்க ரெண்டும் எதுக்கு திடீர்னு பொண்ணுங்களை நிறுத்துனாங்கன்னு புரியும்.

கட்சிக்காரங்க வீட்டுக்கு வந்து கேட்டப்ப சாக்கோன் கேக் பண்ணிட்டு இருந்தாங்க, புருஷன்கிட்டயும் அப்பாகிட்டயும் கேட்டுட்டுதான் சரின்னு சொன்னாங்கன்னு ஒரு கதை எல்லா இடத்துலயும் வரும். நல்ல கதைதான், ஆனா எழுதும்போது "என்று சொல்வார்கள்"னு ஒரு வார்த்தை சேத்துக்கோங்க.

ஸ்டெப் 3: பேர் எத்தனை விதமா வரும்னு லிஸ்ட் போடுங்க

பொண்ணுங்களைத் தேடுறப்ப எல்லாரும் மாட்டிக்கிறது இங்கதான். பொறந்த வீட்டுப் பேர் சாவேஸ், கல்யாணத்துக்கு அப்புறம் சாக்கோன், ஸ்பானிஷ் வழக்கத்துல சாவேஸ் தே சாக்கோன், இங்கிலீஷ் பேப்பர்ல சில சமயம் புருஷன் பேரைப் போட்டு மிஸஸ்னு மட்டும் இருக்கும். எல்லாத்தையும் தனித்தனியா தேடணும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்துற குரோனிக்ளிங் அமெரிக்காங்கற ஆன்லைன் தொகுப்புல பழைய பேப்பர் ஃப்ரீயா பாக்கலாம், ஆனா ஸ்கேன் பண்ணத கம்ப்யூட்டர் தப்பு தப்பா படிச்சு வச்சிருக்கும். பேரைப் போட்டு கிடைக்கலன்னா பேரை விட்டுட்டு தேதியை மட்டும் போட்டு பக்கம் பக்கமா கண்ணால பாருங்க.

ஸ்டெப் 4: சென்சஸ்

அமெரிக்கால சென்சஸ் தாளை 72 வருஷம் கழிச்சுதான் திறப்பாங்க, அதனால 1950 வரைக்கும் பாக்கலாம். வம்சாவளி தேடுற வெப்சைட்டான ஃபேமிலிசர்ச்ல அக்கவுண்ட் போட்டா காசு இல்லாம பாக்கலாம். இவங்க பொறந்தது 1890 ஆகஸ்ட் 10, ஆல்புகெர்க்கில. 1890 சென்சஸ்ல தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, அது ஜூன் மாச கணக்கு, அதுபோக 1921 தீ விபத்துலயும் அதுக்கு அப்புறமும் கிட்டத்தட்ட எல்லா தாளும் போயிடுச்சு. 1900 சென்சஸ்தான் தங்கம், அதுல பொறந்த மாசமும் வருஷமும் தனித்தனியா கேட்டிருப்பாங்க.

ஸ்டெப் 5: பெரிய சம்பவத்தை தேதியோட பிடிங்க

இவங்களைப் பத்தி எல்லாரும் சொல்றது 1924ல ரெண்டு வாரம் ஆக்டிங் கவர்னரா, அதாவது பொறுப்பு கவர்னரா இருந்ததைத்தான் (அங்க கவர்னர்னா நம்ம ஊரு முதலமைச்சர் மாதிரி, தேர்தல்ல ஜெயிச்சு மாநிலத்தை நடத்துறவர்). எப்படின்னு கேட்டா முக்காவாசி பேருக்குத் தெரியாது. கவர்னர் ஜேம்ஸ் ஹிங்கிள் கட்சி மாநாட்டுக்கு நியூயார்க் கிளம்பிட்டார். கவர்னர் மாநிலத்தை விட்டு வெளிய போனா லெப்டினன்ட் கவர்னர், அதாவது துணை கவர்னர் பாத்துக்கணும், ஆனா அந்தப் பதவில இருந்த ஹோசே பாக்கா அந்த மே மாசம்தான் இறந்து போயிருந்தார். வரிசைல அடுத்தது மாநிலச் செயலாளர். அவ்வளவுதான் விஷயம். பேப்பர்ல ஜூன் கடைசியும் ஜூலை மொத வாரமும் பாருங்க.

ஸ்டெப் 6: "முதல்"னு வந்தா நிறுத்துங்க

"அமெரிக்காவின் முதல் பெண் கவர்னர்"னு ஆர்வத்துல எழுதிடாதீங்க. கவர்னரா தேர்தல்ல ஜெயிச்ச முதல் பெண்கள் நெல்லி டெய்லோ ராஸும் மிரியம் ஃபெர்குசனும், ரெண்டு பேரும் 1924 நவம்பர்ல ஒரே நாள்ல. பொறுப்பு கவர்னர்னு பாத்தாக்கூட ஓரிகன் மாநிலத்துல கரோலின் ஷெல்டன் 1909லயே ஒரு வார இறுதிக்கு பாத்துக்கிட்டாங்க. நியூ மெக்சிகோவோட முதல் பெண் மாநிலச் செயலாளர்னு எழுதுங்க, அது நிக்கும்.

ஸ்டெப் 7: கடைசி வரைக்கும் போங்க

நிறைய பேர் 1924ஓட கதையை முடிச்சிடுறாங்க. சாக்கோன் 1924ல மறுபடி ஜெயிச்சு இன்னொரு ரெண்டு வருஷம் அதே ஆபீஸ்ல இருந்தாங்க, 1934ல மாநில சட்டசபைக்கும் ஜெயிச்சாங்க. 1936 ஆகஸ்ட் 4ல இறந்துட்டாங்க. இப்ப வயசு போடணும், 1936ல இருந்து 1890ஐ கழிச்சு 46னு போட்டுடாதீங்க, பொறந்தநாளுக்கு இன்னும் 6 நாள் இருந்துச்சு, 45தான்.